பழியை டிஸ்க்கின் மேல் போட்ட கதை

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவனுக்கு ஜூன் 15 தீபாவளி மாதிரி. ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும். அதுவரை பூட்டிக் கிடந்த இறால் கம்பெனிகளும் ஐஸ் கம்பெனிகளும் ஒரே நேரத்தில் ஷட்டரைத் தூக்கும். தூக்கியதும் யாராவது ஒருவருடைய கம்ப்யூட்டர் கட்டாயம் மக்கர் பண்ணும், எனக்கு போன் வரும்.

அப்படி ஒரு வருடம் ஒரு இறால் கம்பெனி முதலாளி கூப்பிட்டார். முதல் படகு கரைக்கு வர ஏழெட்டு மணி நேரம்தான் இருக்கிறது, பில் போடும் மெஷின் விண்டோஸ் வரை வந்து வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. எடை போட்ட சரக்குக்குச் சீட்டுக் கொடுக்காமல் படகுக்காரரை அனுப்ப முடியாது. "தம்பி, என்ன செய்வியோ தெரியாது, ராத்திரிக்குள்ள ஓடணும்" என்றார். பென் டிரைவில் வைத்திருக்கும் டயக்னாஸ்டிக் மென்பொருளில் பூட் செய்து ஹார்ட் டிஸ்க் டெஸ்ட்டைப் போட்டேன். கொஞ்ச தூரம் ஓடி, தடுமாறி, சிவப்பில் ஃபெயில் என்று வந்தது. திரும்பவும் போட்டேன். திரும்பவும் ஃபெயில், ஆனால் இந்த முறை வேறு இடத்தில்.

அந்த 'வேறு இடத்தில்' தான் துப்பு, தட்டில் ஒரு இடம் கெட்டிருந்தால் பெரும்பாலும் அதே இடத்தில்தான் திரும்ப நிற்கும். அன்று அதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன், கவனித்துவிட்டு டிஸ்க் முழுக்கவே அரித்துப்போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். கையில் நேரம் இல்லாதபோது மூளை தனக்கு வசதியான காரணத்தைத்தான் முதலில் எடுத்துக் கொடுக்கும்.

ராமநாதபுரத்துக்கு ஆள் அனுப்பிப் புது 1 டிபி டிஸ்க் வாங்கினேன். பழைய டிஸ்க்கிலிருந்து பில் ஃபோல்டரை மட்டும், நின்று நின்று வந்ததை விடாமல் இழுத்துப் போட்டேன். மற்றது எதுவும் வராதுண்ணே என்று சொல்லிவிட்டேன். மற்றது என்றால் அதில் அவர் மகள் கல்யாணப் போட்டோக்கள் இருந்தன. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சரி விடு, ஆல்பம் இருக்குல்ல" என்று சொல்லி, கேட்ட பணத்தை எண்ணிக் கொடுத்தார். பழைய டிஸ்க்கையும் நீயே வச்சுக்க என்றார். மேசை டிராயரில் போட்டேன்.

மூன்று வாரம் ஓடியது. பிறகு அதே வட்டம், அதே சிவப்பு ஃபெயில். "புது டிஸ்க்கும் போச்சா தம்பி?" என்று அவர் கேட்ட தொனியில் சந்தேகம் டிஸ்க்கின் மேல் இல்லை, என் மேல்தான்.

இந்த முறை கேபினெட்டையே கடைக்குத் தூக்கி வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணக்கைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தால் 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யம். டிஸ்க்கின் தட்டில் பழுது இருந்தால் முதலில் அசைய வேண்டிய எண்கள் இவை. 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (தரவு எழுதும் சின்னச் சின்னக் கட்டங்கள்), சி5 படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை, சி6 சரிசெய்ய முடியாதவை. ஆனால் சி7 மட்டும் ஏறிக் கிடந்தது. நாம் வழக்கமாக எண்ணும் பத்தடிமானத்தில் எழுதினால் இதன் வரிசை எண் 199, பெயர் சிஆர்சி பிழை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே கேபிளில் போகிற தரவு வழியில் சிதைந்தால், சரிபார்ப்புக் கணக்கு ஒத்துவராமல் மறுபடி அனுப்பச் சொல்லும், அந்த எண்ணிக்கை ஒன்று கூடும். டிஸ்க்கைப் பற்றிய புகாரே அல்ல அது, வழியைப் பற்றிய புகார். இந்த எண் ஏறுமே தவிர இறங்காது என்பதால் கேபிளை மாற்றினாலும் பழைய கணக்கு அப்படியேதான் நிற்கும், மேலும் ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அப்புறம் டிஸ்க்கையே தன்னைத்தான் சோதித்துக்கொள்ளச் சொன்னேன். நீண்ட செல்ஃப் டெஸ்ட். நான் முதலில் ஓட்டிய ரீட் டெஸ்ட்டில் ஒவ்வொரு துண்டும் டிஸ்க்கிலிருந்து கேபிள் வழியாக போர்டுக்கு வந்தாக வேண்டும். செல்ஃப் டெஸ்ட்டில் டிஸ்க் உள்ளுக்குள்ளேயே தன் தட்டுகளைப் படித்துப் பார்த்துக்கொள்கிறது, முடிவு மட்டும்தான் வெளியே வருகிறது. இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும், நான் டீ குடித்துவிட்டு வந்து சாப்பிட்டும் முடித்தேன். பாஸ். உள்ளே சோதித்தால் பாஸ், வெளியே இழுத்தால் ஃபெயில். கூடையில் ஓட்டை இருந்து இறால் வழியெல்லாம் சிந்திக்கொண்டே வருகிறது, நான் கரையில் நின்று கடலில் இறாலே இல்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

டிராயரைத் திறந்து பழைய டிஸ்க்கை எடுக்கும்போதே வயிற்றைக் கலக்கியது. வேறு கேபிளில் மாட்டி அதற்கும் அதே சோதனை. அதுவும் பாஸ். நான் செத்துவிட்டது என்று சொன்ன டிஸ்க் மூன்று வாரமாக டிராயரில் நல்ல தூக்கம் போட்டிருக்கிறது.

பிறகுதான் டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் அந்த சிவப்பு சாட்டா கேபிளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். முனையின் உள்ளே வரிசையாக மின்ன வேண்டிய தகடுகளில் இரண்டு மூன்றில் மினுக்கம் போய், ஓரத்தில் பச்சையும் வெள்ளையுமாக ஏதோ பூத்திருந்தது. எங்கள் ஊரில் வடகடல் ஒரு பக்கம், தென்கடல் ஒரு பக்கம், எந்தக் காற்று அடித்தாலும் உப்போடுதான் அடிக்கும். வாசல் கிரில்லும் பைக் ரிம்மும் துருப்பிடிப்பதைத் தினமும் பார்க்கிறவனுக்குக் கேபினெட்டுக்குள்ளும் அதே காற்றுதான் போகிறது என்று தோன்றவில்லை. ஓடுகிற மெஷினாவது தன் சூட்டில் ஈரத்தைக் கொஞ்சம் விரட்டும். இது ஐஸ் ரூம் சுவரை ஒட்டி 61 நாள் அணைந்து கிடந்திருக்கிறது. புது டிஸ்க் போட்டபோது நான் முனையைக் கழற்றி மாட்டியதில் அந்தப் பூப்பு கொஞ்சம் உரசிப் போயிருக்க வேண்டும், அதனால்தான் மூன்று வாரம் ஓடியது. அது என் திறமை என்று நினைத்திருந்தேன்.

அவரிடம் போய்ச் சொல்வதற்கு ஒரு நாள் தள்ளிப்போட்டேன். சொன்னதும் கோபப்படுவார் என்று பணத்தை முதலில் மேசையில் வைத்தேன். அவர் பணத்தைப் பார்க்கவில்லை. "அப்ப அந்தப் போட்டோ?" என்றார். எல்லாம் இருக்குண்ணே என்றதும் மகளுக்கு அங்கேயே போன் போட்டார். டிஸ்க் காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, இடம் கூடுதலாக இருக்கட்டும் என்று இரண்டையும் மாட்டச் சொன்னார். கூலியை மட்டும் கழித்துக்கொண்டார், அது நியாயம்தான்.

அதற்குப் பிறகு ஃபெயில் என்ற சொல்லை நான் படிக்கும் விதம் மாறியது. மென்பொருள் பொய் சொல்வதில்லை, 'கேட்டேன், ஒழுங்கான பதில் வரவில்லை' என்றுதான் சொல்கிறது, டிஸ்க் கெட்டது என்று முடிப்பது நாம். லேப்டாப்பில் நீண்ட டெஸ்ட்டைப் போட்டுவிட்டு மூடியை மூடினால் அது தூங்கி, டெஸ்ட் பாதியில் அறுந்து நிற்கும். யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் என்றால், சில பெட்டிகளின் சிப் செல்ஃப் டெஸ்ட் கட்டளையை உள்ளேயே விடாது. கல்லூரிப் பையன் ஒருவன் சீகேட் டிஸ்க்கின் ரீட் எரர் எண் நீளமாக இருக்கிறது என்று முகம் வெளிறி வந்தான். அந்த எண்ணில் பிழையோடு மொத்தம் எத்தனை முறை படித்தது என்பதும் சேர்ந்திருக்கிறது, போதாததற்குத் திரையில் அது இலக்கத்தோடு எழுத்தும் கலக்கும் பதினாறடிமானத்தில் வேறு நிற்கிறது, பயப்படாதே என்று அனுப்பினேன்.

நல்ல டிஸ்க்கும் கெட்டது போலத் தெரிய எங்கள் பக்கம் கரண்ட் கட்டும் ஒரு காரணம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்தச் செக்டர் அரைகுறையாக நின்று சி5-இல் ஒன்று காட்டும். தரவைக் காப்பி எடுத்துக்கொண்டு டிஸ்க் முழுக்க ஒருமுறை எழுதினால், தட்டில் உண்மையான பழுது இல்லாதபோது அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும், 05-உம் ஏறாது. பழுது இருந்தால் 05 ஏறும், அப்போது டிஸ்க்கை நம்ப வேண்டாம்.

கேபிள் பக்தி முற்றிப்போய் எதிர்ப்பக்கமும் ஒருமுறை விழுந்தேன். ஒரு போட்டோ ஸ்டூடியோ டிஸ்க். ஸ்மார்ட் நிலை, அதாவது அந்த 05, சி5 கணக்குகளின் மொத்தத் தீர்ப்பு, நன்று என்று நீலத்தில் காட்டுகிறது, இரண்டு நிமிஷக் குறுகிய டெஸ்ட்டும் பாஸ், ஆனால் காதை வைத்தால் டிக் டிக் என்று சத்தம். நன்று என்பதற்குக் குறித்த எல்லையை எந்த எண்ணும் தாண்டவில்லை என்று மட்டும்தான் அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேபிளை இரண்டு முறை மாற்றி, பவர் சப்ளையை மாற்றி, மத்தியானம் வரை விளையாடினேன். சாயங்காலம் டிஸ்க் சுழலவே இல்லை. நல்லவேளை, ஸ்டூடியோக்காரர் என்னைவிடக் கெட்டிக்காரர், முந்தின நாளே காப்பி எடுத்து வைத்திருந்தார்.

இறால் கம்பெனி அண்ணன் இன்னமும் என் வாடிக்கைதான். தடைக்காலத்தில் வாரம் ஒருமுறை மெஷினை ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லியிருக்கிறேன், செய்கிறார். போன மாதம் அவரிடம் இருந்து போன், எலெக்ட்ரானிக் தராசு எடை காட்டவில்லையாம். தராசுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "ஒயரைப் பாத்துட்டேன் தம்பி, ஒயரு இல்ல."