பெயரைக் கேட்டாலே பயம்

செப்டம்பர் 28, 2024, சனி

இன்று ஒரு மகளிர் குழுவில் பேசினேன். "பாலியேட்டிவ் கேர்", அதாவது நோயின் வேதனையைத் தணிக்கும் பராமரிப்பு, என்று ஆரம்பித்ததுமே பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, "கையை விரிச்சிட்ட பிறகு அனுப்புற இடம்தானே தம்பி?" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். தயாரித்து வைத்திருந்த பேச்சை அப்படியே மூடி வைத்தேன்.

நோய் தெரிந்த நாளிலிருந்தே, கீமோ நடக்கும்போதே, இதையும் சேர்த்துப் பெறலாம் என்றேன். வலி, மூச்சுத்திணறல், குமட்டல், பயம், பார்த்துக்கொள்பவரின் களைப்பு எல்லாவற்றையும் கவனிப்பது இதில் அடக்கம். இதயம், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும் மறதி நோய்க்காரர்களுக்கும் உண்டு. ஹாஸ்பிஸ் என்பது வாழ்வின் இறுதி நாட்களுக்கான பராமரிப்பு, இதன் கடைசிக் கட்டம் மட்டுமே.

என் அம்மாவுக்குக் கடைசிப் பதினோரு நாள்தான் இது கிடைத்தது. அதற்கு முந்தைய மாதங்களில் யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

நர்ஸக்காவுடன் ஒரு வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு எலும்பு வரை பரவிய புற்றுநோய். மகள் கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரையை அலமாரியில் பூட்டி வைத்து, அவர் கத்தினால் மட்டும் கொடுக்கிறாள். "பழகிடுமேக்கா!"

அக்கா தரையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். இந்த மாத்திரையின் வேலை ஏறக்குறைய 4 மணி நேரம்தான். வலி வரட்டும் என்று காத்திருந்தால் அதைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தால் வலி தலைதூக்காது. வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கும்போது அடிமையாவது அரிது. மலச்சிக்கல்தான் அநேகமாக வரும். அதற்கான மருந்தை முதல் நாளே தொடங்க வேண்டும்.

பிறகு அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை செருகினார். விரலில் ஈரத்துணி சுற்றி, வெடித்த உதட்டை ஒற்றி எடுத்தார். அவர் கண் மூடிக்கொண்டார். மகள் செல்போனில் ஒவ்வொன்றாக அலாரம் வைத்தாள்.

அக்டோபர் 4, வெள்ளி

மகள் கூப்பிட்டாள். "நேத்து ராத்திரி அப்பா தூங்கினார். நானும் தூங்கினேன்."

அக்டோபர் 8, செவ்வாய்

சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் குறிப்பு எடுத்தேன். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஆண்டுக்கு 5.68 கோடிப் பேருக்கு இந்தப் பராமரிப்பு தேவை. கிடைப்பது சுமார் 14 சதவீதம் பேருக்கு. 2010-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வையும் சொல்லப்போகிறேன். முற்றிய நுரையீரல் புற்றுநோயில் தொடக்கத்திலேயே இதைச் சேர்த்துப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. ஆயுளும் சற்றுக் கூடியிருந்தது. சீக்கிரம் சேர்ந்தால் சீக்கிரம் போய்விடுவோம் என்று நினைப்பவர்களுக்காகவே இதை முதலில் வைக்கிறேன்.

அக்டோபர் 12, சனி

உலக ஹாஸ்பிஸ், பாலியேட்டிவ் கேர் தினம். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் இரண்டாம் சனி. கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கும்போது ஒரு பெரியவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"யாருக்காக வந்தீங்க ஐயா?"

"எனக்குத்தான். இதயம் பலவீனமாம். மூச்சு வாங்குது. வீட்ல இன்னும் சொல்லல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று கேட்டேன்.