டிராவல் ட்ரெய்லருக்கு ஹிட்ச்: கணக்கை டங் வெயிட்டிலிருந்து தொடங்குங்கள்

டிராவல் ட்ரெய்லர், அதாவது வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு, வாங்கக் கிளம்பும் பலர் முதலில் கேட்பது, "என் வண்டி எத்தனை பவுண்டு இழுக்கும்?" ஹிட்ச் (வண்டியையும் ட்ரெய்லரையும் இணைக்கும் அமைப்பு) தேர்வுக்கு அந்த எண் பெரிதாக உதவாது. பிக்கப்போ எஸ்யூவியோ, இழுதிறன் மிச்சமிருக்கும்போதே பெரும்பாலும் பேலோடு (வண்டி தன் மேல் சுமக்கக்கூடிய எடை) தீர்ந்துவிடும். அதைத் தின்பது டங் வெயிட், அதாவது ட்ரெய்லரின் முன்முனைக் கவ்வியான கப்ளர் வழியாக, வண்டியின் பின்னாலுள்ள உருண்டையான ஹிட்ச் பாலின் மேல் இறங்கும் எடை.

சாமான் ஏற்றிய ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் பாலின் மேல் இருக்க வேண்டும். 10-க்குக் கீழே போனால் நெடுஞ்சாலை வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டும். அதற்கு ஸ்வே கன்ட்ரோல் (வாலாட்டத்தைத் தடுக்கும் சாதனம்) மருந்தல்ல. சாமானை முன்னால் நகர்த்துவதுதான் மருந்து. பிரோஷரில் போட்டிருக்கும் வெற்று எடையையும் நம்பாதீர்கள். பேட்டரியும் நிரம்பிய கேஸ் சிலிண்டர்களும் அதில் பெரும்பாலும் சேர்வதில்லை. இரண்டும் உட்காருவதோ நேராக டங்கின், அதாவது ட்ரெய்லரின் முன்நீட்டத்தின், மேல்.

ஒரு கணக்கு. ட்ரெய்லரின் அதிகபட்ச மொத்த எடை 6,500 பவுண்டு. 13 சதவீதம் என்றால் டங் வெயிட் 845. டங் வெயிட்டின் ஒரு பகுதியை ஸ்பிரிங் பார் என்னும் வளையும் கம்பிகளால் வண்டியின் முன் அச்சுக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் பகிரும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சின் சொந்த எடை ஒரு 80. மொத்தம் 925. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கர் பேலோடு 1,450 என்று சொன்னால், ஆட்களுக்கும் சாமானுக்கும் மிஞ்சுவது 525 தான். மூன்று பெரியவர்கள் ஏறினாலே முட்டிவிடும். இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் எந்த ஹிட்ச் வாங்கியும் பயனில்லை, சின்ன ட்ரெய்லர் பாருங்கள்.

அடுத்து ரிசீவர், அதாவது ஹிட்ச்சைச் செருகும், வண்டியின் பின்னடியில் உள்ள சதுரக் குழாய். அதன் லேபிளில் பொதுவாக இரண்டு வரி இருக்கும்: சாதாரண பால் மவுன்ட்டுக்கு (பாலைத் தாங்கும் தண்டு) ஒன்று, வெயிட் டிஸ்ட்ரிபியூஷனுக்கு ஒன்று. முதல் வரி பெரும்பாலும் குறைவாக இருக்கும். பாலின் அளவு கப்ளரில் பொறித்திருக்கும் அளவேதான், தோராயம் ஆகாது. 2 5/16 அங்குலக் கப்ளரில் 2 அங்குல பாலை மாட்டினாலும் பூட்டியதுபோலவே தெரியும். ஒரு பெரிய மேட்டில் தூக்கிப் போட்டால் கழன்றுவிடும்.

ஸ்பிரிங் பார் தேர்வில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். டங் வெயிட்டோடு, வண்டியின் பின் அச்சுக்குப் பின்னால் ஏற்றும் சாமானையும் கூட்ட வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 845-உடன் 150 சேர்த்தால் 1,000 பவுண்டு பார். "இருக்கட்டுமே" என்று 1,400 வாங்கினால் ஒவ்வொரு குழியின் அடியும் வண்டிச் சட்டத்துக்கும் ட்ரெய்லர் சட்டத்துக்கும் நேராகப் போகும்.

பொருத்தியபின் அளவுநாடா இல்லாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். சமதளத்தில், முன் சக்கரத்தின் மேலுள்ள வளைவு தரையிலிருந்து எத்தனை உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 36 அங்குலம் என்று வைப்போம். பார்களை மாட்டாமல் ட்ரெய்லரை பாலில் இறக்கினால் அது 37 1/4 ஆகலாம்: முன் சக்கரத்தின் பாரம் குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிட்டது என்று பொருள். பார்களை மாட்டியபின் ஏறியதில் பாதியாவது இறங்க வேண்டும், அதாவது 36 5/8. சில வண்டிகளின் கையேடு இதைவிட அதிகம் கேட்கும். கையேடு சொல்வதே இறுதி. 36-க்குக் கீழே மட்டும் போகவிடாதீர்கள். பின் சக்கரங்கள் பிடிமானம் இழந்தால் ஈரச் சாலையில் வண்டியின் பின்பகுதி விலகி ஓடும். அழுத்தம் போதவில்லை என்றால் ஹிட்ச் தலையை (பாலும் பார்களும் பொருந்தும் பகுதி) ஒரு படி பின்னுக்குச் சாய்க்கலாம், அல்லது பாரைத் தூக்கிப் பிடிக்கும் சங்கிலியில் ஒரு கண்ணி குறைக்கலாம்.

பார்களைக் கைப்பிடியால் நெம்பி ஏற்றுவது முட்டாள்தனம். கப்ளரைப் பூட்டிவிட்டு, டங் ஜாக்கால் வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்குங்கள்; பார் கிட்டத்தட்ட கையாலேயே உட்காரும். கழற்றும்போதும் அப்படியே. இறுகிய பார் நழுவினால் கைப்பிடி முழங்காலை உடைக்கும்.

வாலாட்டத்தைத் தடுக்க இரண்டு வழி பரவலானவை. பக்கத்தில் தனியாக மாட்டும் உராய்வு பார் மலிவு. ஆனால் ரிவர்ஸில் கூர்மையாகத் திருப்பினால் வளைந்துவிடும், முதலிலேயே கழற்ற வேண்டும். ஸ்பிரிங் பாரே தாங்கியின் மேல் உரசும் வகையில் அந்தத் தொல்லை இல்லை, கொஞ்சம் முனகும். சத்தம் பொறுக்காமல் அந்த உரசும் இடத்தில் கிரீஸ் தடவினால் ஸ்வே கன்ட்ரோல் போய்விடும். பாலில் தடவலாம்.

பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். ட்ரெய்லர் கழன்றால் இழுபட்டு அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கேபிளைச் சங்கிலிக் கொக்கியிலோ பால் மவுன்ட்டிலோ மாட்டாமல், வண்டியின் சட்டத்தில் தனியாகக் கட்டுங்கள். பால் மவுன்ட்டே ரிசீவரிலிருந்து உருவிக்கொண்டு வந்தால், அதில் மாட்டிய கேபிள் இழுபடாது; ட்ரெய்லர் பிரேக்கும் பிடிக்காது.