நூற்றுக்கு எட்டுப் பேர் புகையை விட்டால் அது வெற்றியா?

புகைப்பழக்கத்தை விடுவதற்கான மருந்துகளைப் பற்றி மருத்துவ மாணவர்களிடம் பேச நேரும்போதெல்லாம், நான் முதலில் எடுத்துவைப்பது போலந்தின் வார்சா நகரில் நடந்து 2011-இல் வெளியான சைட்டிசின் ஆய்வைத்தான். அதில் 740 பேரைக் குலுக்கல் முறையில் இரு சம பிரிவுகளாக்கி, ஒரு பிரிவினருக்கு 25 நாள் சைட்டிசின் மாத்திரையும், மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, மருந்து உண்டவர்களில் 31 பேரும் போலி உண்டவர்களில் 9 பேரும் புகைக்காமல் இருந்தார்கள். சதவீதத்தில் சொன்னால் 8.4, 2.4. "இவ்வளவுதானா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், அந்த 31 பேர் எப்படி எண்ணப்பட்டார்கள் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இத்துறையின் ஆய்வாளர்கள் பெரும்பாலும் பின்பற்றுவது, 2005-இல் வகுக்கப்பட்டு, லண்டனில் பணியாற்றிய மைக்கேல் ரஸ்ஸலின் பெயரால் வழங்கும் அளவுகோலை. புகையை விடுவதாகக் குறித்த நாளிலிருந்து ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துக் கணக்கெடுக்க வேண்டும். இடைப்பட்ட காலம் முழுவதிலும் ஐந்து சிகரெட்டுக்கு மேல் புகைத்திருக்கக் கூடாது. "விட்டுவிட்டேன்" என்ற வாய்மொழி போதாது, மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளவு அதை உறுதிப்படுத்த வேண்டும். இவை எல்லாவற்றையும்விடக் கடுமையான விதி ஒன்று உண்டு. மறுபரிசோதனைக்கு வராமல் போனவர், தொலைபேசியை எடுக்காதவர் ஆகிய அனைவரும் புகைப்பவர்களாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். அவர்களில் சிலர் உண்மையிலேயே விட்டிருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்த நன்மையைத் தங்கள் மருந்துக்குக் கொடுக்க மறுக்கிறார்கள். "எங்கள் சிகிச்சையில் 80 சதவீதம் வெற்றி" என்று விளம்பரம் செய்பவர்களிடம் எந்த நாளில், எந்தச் சோதனையால், எத்தனை பேரை வகுக்கும் எண்ணாக வைத்து என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

மூச்சுச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. கார்பன் மோனாக்சைடு சில மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால், அது நேற்றும் இன்றும் புகைத்தாரா என்பதைத்தான் சொல்லும். நிகோட்டின் சிதைந்து உண்டாகும் கோட்டினின் சில நாள்கள் உடலில் தங்கும் என்றாலும், புகையை விடுவதற்கு உதவியாக நிகோட்டின் மிட்டாயோ ஒட்டுப்பட்டையோ பயன்படுத்துபவரின் உடலிலும் அது இருக்கும் என்பதால், அத்தகைய ஆய்வுகளில் அதனால் பயனில்லை. ஆக, முழு ஆண்டுக்குமான உறுதி, சோதனையும் வாய்மொழியும் சேர்ந்த ஒன்றுதான்.

இப்படி வடிகட்டிய பிறகு எஞ்சிய 31 பேர் என்று பார்த்தால், எண்ணின் எடை மாறுகிறது. எந்த உதவியும் இன்றித் தாமாகவே விட முயல்பவர்களில் 3 முதல் 5 சதவீதத்தினரே ஆறு மாதமோ ஓராண்டோ தாக்குப்பிடிக்கிறார்கள். சறுக்குபவர்களில் பெரும்பாலோர் முதல் எட்டு நாள்களுக்குள்ளேயே சறுக்கிவிடுகிறார்கள். அப்படியிருக்க, மருந்தின் பயனாக நூற்றுக்கு ஆறு பேர் கூடுதலாக விட்டார்கள். பிரிட்டிஷ் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தையும் ஆயுளையும் 1951-இலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வின் ஐம்பதாண்டுக் கணக்கை ரிச்சர்ட் டாலும் குழுவினரும் 2004-இல் வெளியிட்டபோது, 60 வயதில் புகையை விட்டவருக்குச் சுமார் 3 ஆண்டும், 50-இல் விட்டவருக்கு 6 ஆண்டும், 40-இல் விட்டவருக்கு 9 ஆண்டும் ஆயுள் கூடுவதாகக் கண்டார்கள். 25 நாள் மாத்திரைக்கு ஈடாக இவ்வளவு ஆயுளைத் திருப்பித் தரும் மருந்துகள் என் பணியில் மிகச் சிலவே.

சைட்டிசின் புதிய மருந்தும் அல்ல. நம் ஊர்ச் சரக்கொன்றையைப் போல மஞ்சள் பூங்கொத்துகள் தொங்கும் லேபர்னம் என்ற ஐரோப்பிய மரத்தின் நச்சு விதையில் உள்ள இப்பொருளை, பல்கேரியாவில் 1964-இலிருந்தே டேபெக்ஸ் என்ற பெயரில் விற்றுவந்தார்கள். உள்ளிழுத்த புகையிலிருந்து நிகோட்டின் சுமார் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையை அடைந்து, அங்கே அது வந்து பொருந்தும் இடங்களான ஏற்பிகளைத் தூண்டுகிறது. சைட்டிசினோ அதே ஏற்பிகளில் அமர்ந்து, அரைகுறையாகத் தூண்டித் தவிப்பைத் தணிப்பதோடு, பிறகு வரும் நிகோட்டினுக்கு இடம் கொடுக்காமலும் தடுக்கிறது. இந்த மூலக்கூறை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்டதே 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வரெனிக்ளின். அது மனநிலையைக் கெடுக்கும் என்ற அச்சத்தால் 2009-இல் அதன் உறையில் கடும் எச்சரிக்கை இடம்பெற்றது. மனநோய் உள்ளவர்களையும் சேர்த்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2016-இல் அந்த அச்சத்துக்கு ஆதாரம் காணாததால், அதே ஆண்டு எச்சரிக்கை நீக்கப்பட்டது. எச்சரிக்கை மட்டும் இன்னும் பலர் நினைவில் நிற்கிறது.

இனி, வார்சா ஆய்வுக்கு அருகில் நான் எப்போதும் வைக்கும் இன்னொன்று. வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும், அண்மையில் நுரையீரல் காசநோய் கண்டறியப்பட்ட, நாள்தோறும் புகைக்கும் 2472 பேரிடம் இதே சைட்டிசினைச் சோதித்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். இரு பிரிவினருக்கும் சுருக்கமான ஆலோசனை வழங்கப்பட்டது. ஆறு மாத முடிவில் சைட்டிசின் பிரிவில் 32.4 சதவீதமும் போலி மாத்திரைப் பிரிவில் 29.7 சதவீதமும் புகையின்றி இருந்தார்கள். இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால், மருந்து தோற்றதாகவே ஆய்வு முடிந்தது.

"மருந்து தோற்றது" என்ற தலைப்போடு இதை மூடிவைப்பவர்கள், போலி மாத்திரைப் பிரிவின் 29.7-ஐக் கவனிப்பதில்லை. வார்சாவில் போலி உண்டு விட்டவர்கள் 2.4 சதவீதம் மட்டுமே. ஒன்று ஆறு மாதக் கணக்கு, மற்றது ஓராண்டுக் கணக்கு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் காலவேறுபாடு ஒன்றே இவ்வளவு பெரிய இடைவெளியை விளக்கிவிடாது. என் எண்ணம் இதுதான்: இருமலோடும் மெலிந்த உடலோடும் வந்து, சளியில் கிருமி இருப்பதாக அப்போதுதான் கேட்ட ஒருவரிடம், மாத்திரை தரும் அதே கை புகையைப் பற்றியும் பேசும்போது, மருந்து மேலும் செய்வதற்குச் சிறிதளவே மீதமிருக்கிறது. ஆலோசனை இல்லாத மூன்றாவது பிரிவு அந்த ஆய்வில் இல்லை; எனவே நோயின் அச்சம் எவ்வளவு, பேச்சின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அதனால் இயலாது.

தமிழகத்துக்கு இது அயல்நாட்டுச் செய்தி அல்ல. வெண்டன் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் உள்ளிட்ட குழுவினர், தமிழகத்தில் இறந்த 43,000 ஆண்களின் விவரங்களை உயிரோடிருந்த 35,000 பேருடன் ஒப்பிட்டு 2003-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், நகர்ப்புறத்தில் புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் விகிதம் புகைக்காதவர்களைப் போல் நான்கரை மடங்கு என்று கண்டார்கள். காசநோய்ப் பிரிவில் புகையைப் பற்றிக் கேட்பது சிகிச்சையின் ஒரு பகுதியே.

ஆனால் எதைக் கேட்பது என்பதில் சிக்கல் இருக்கிறது. நிகோட்டின் சார்பை அளக்க உலகெங்கும் பயன்படும் ஃபேகர்ஸ்ட்ராம் வினாத்தாளில் ஆறு கேள்விகள், பத்து மதிப்பெண். கண்விழித்த ஐந்து நிமிடத்துக்குள் முதல் சிகரெட் என்றால் மூன்று மதிப்பெண். இந்தக் கேள்வி பீடிக்கும் அப்படியே பொருந்தும். நாளைக்கு எத்தனை என்ற கேள்விதான் பொருந்துவதில்லை. பீடி அடிக்கடி அணைந்துபோகும், திரும்பப் பற்றவைப்பார்கள், பாதியைக் காதில் செருகிவைத்துப் பிறகு இழுப்பார்கள். ஒரு கட்டுப் பீடியை எத்தனை சிகரெட்டாக எண்ணுவது? மேலும், "காலையில ஒண்ணு இழுத்தாத்தான் சார் வயிறு இளகும்" என்று எங்கள் நோயாளிகள் சொல்வதை அந்த வினாத்தாள் கேட்பதே இல்லை. புகையை விட்ட முதல் சில வாரங்களில் மலச்சிக்கல் வருவது உண்மைதான். அதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், அதற்காகவே பலர் மறுபடி பற்றவைத்துவிடுவார்கள்.

இன்னொரு வழக்கமான பேச்சு, "கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்கிறேன்" என்பது. இங்கிலாந்தில் 697 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதமும், இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதமும் நான்காவது வாரத்தில் புகையின்றி இருந்தார்கள். ஆறு மாதத்தில் இது 22-உம் 15.5-உம் ஆனது. ஆகவே நாள் குறித்து நிறுத்தச் சொல்வதே என் வழக்கம், கெஞ்சிக் கேட்பவர்களுக்கு மட்டும் விலக்கு.

மருந்து கைவசம் இல்லாத மருத்துவர் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு, ரஸ்ஸல் 1979-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுகிறேன். லண்டனில் 28 பொது மருத்துவர்கள், வேறு நோய்க்காக வந்தவர்களிடம் ஓரிரு நிமிடம் புகையை விடச் சொல்லி, ஒரு துண்டறிக்கையும் கொடுத்து, பிறகு விசாரிப்போம் என்றும் எச்சரித்தார்கள். ஓராண்டு முடிவில் அப்படிச் சொல்லப்பட்டவர்களில் 5.1 சதவீதமும், ஒன்றும் சொல்லப்படாதவர்களில் 0.3 சதவீதமும் விட்டிருந்தார்கள். நாட்டின் பொது மருத்துவர்கள் அனைவரும் இதைச் செய்தால் ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுவார்கள் என்றும், புகையை விடுவிப்பதற்கென்றே அப்போது ஐம்பது அளவில் இருந்த சிறப்பு மருத்துவமனைகளைப் பத்தாயிரமாகப் பெருக்கினாலும் அந்த எண்ணிக்கையை எட்ட முடியாது என்றும் ரஸ்ஸல் கணக்கிட்டார்.