பற்றியது, பரவவில்லை

எங்கள் கல்லூரியில் அந்தக் காலத்தில் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படித்த யாரிடமாவது "பற்றியதா, பரவியதா?" என்று கேட்டுப் பாருங்கள், சேரின் குரல் உடனே காதில் விழும். திண்மப் பொருள் ஒன்று எரியுமா எரியாதா என்று பார்க்கும் செய்முறைகளில் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். நான் இப்போது பிரித்தானியாவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தூளாகவும் மணியாகவும் வரும் இரசாயனப் பொருட்களைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றுவதற்கு முன் அவை தீப்பற்றும் திண்மங்களா என்று சோதித்து அறிக்கை எழுதுவது என் வேலையில் ஒரு பெரிய பகுதி. அந்த வேலையையும் சேரையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும், என் மனதில் இரண்டும் தனித்தனியாக இல்லை.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு அந்த நாட்களை விளக்கத் தேவையில்லை, ஆனால் இந்த மலரை வாசிக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் யானை விலை. இரவில் படிப்பதற்கு ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியொன்றைப் போட்டு எரித்தோம். ஆய்வுகூடத்தில் பன்சன் சுடரடுப்புகள் வரிசையாக மேசைகளில் இருந்தன, வாயுதான் இல்லை. ஸ்பிரிட் விளக்குகள் சில இருந்தன. அலுமாரியில் பழைய மண்ணிறப் போத்தல்கள், பாதிக்கு மேல் வெறுமை. புதிதாக இரசாயனப் பொருள் எதுவும் வருவதற்கு வழியில்லை.

சேர் அதற்காகச் செய்முறையை நிறுத்தவில்லை. ஊரில் கிடைத்ததைக் கொண்டுவரச் சொன்னார். கற்பூரம், மரக்காலையில் அள்ளிய மரத்தூள், பூச்சி உருண்டை, தேவாலயத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகள், ஊமல் கரி, சீனி, உப்பு, இரும்பு அராவும் கடையில் விழுந்த தூள். கல்லூரிப் போத்தலிலிருந்து கந்தகத்தை மட்டும் ஒரு சிறு கரண்டி தருவார். மகனீசியம் நாடாவை அவரே வைத்துக்கொண்டு எல்லா வகுப்புக்கும் சேர்த்து ஒரு துண்டு எரித்துக் காட்டுவார்.

செய்முறை எளிது. உடைந்த கூரை ஓட்டின் மேல் பொருளைத் தூளாக்கி நீளமாக ஒரு வரம்பு போடவேண்டும். பக்கத்தில் கரியால் இரண்டு கோடு. ஒரு முனையில் சுடரைப் பிடித்து, பற்றியதும் சுடரை எடுத்துவிடவேண்டும். அதற்குப் பிறகு அது தன்பாட்டில் எரிந்துகொண்டு போகிறதா, இரண்டு கோட்டுக்கும் இடையில் எத்தனை செக்கன் என்று பார்க்கவேண்டும். செக்கன் முள் உள்ள கைக்கடிகாரம் வகுப்பில் ஒருவனிடம்தான் இருந்தது, அவன் சத்தமாக எண்ணுவான், மற்றவர்கள் எழுதுவோம். ஏன் ஓடு, ஏன் தகரம் இல்லை என்று ஒருவர் கேட்டதற்கு, தகரம் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போய்விடும், எரியக்கூடிய பொருளும் எரியாததாகத் தெரியும் என்றார். இன்றைக்கு நான் பாவிக்கும் விதிமுறையிலும் வெப்பத்தை அதிகம் கடத்தாத, குளிர்ந்த, உறிஞ்சாத தட்டில்தான் வைக்கவேண்டும் என்று இருக்கிறது.

சீனிதான் எங்களை அதிகம் குழப்பியது. சுடரைப் பிடித்தால் உருகும், பொன்னிறமாகும், பிறகு கறுத்துப் பொங்கி ஒரு சின்னச் சுடரும் வரும். விளக்கை எடுத்த கையோடு அணைந்துவிடும். எரிந்ததென்று பாதிப்பேர், இல்லையென்று பாதிப்பேர். சேர் இரண்டையும் ஏற்கவில்லை, கரும்பலகையில் "பற்றியது, பரவவில்லை" என்று எழுதி அதை அப்படியே கொப்பியில் எழுதச் சொன்னார். அதோடு விடாமல் ஒரு சீனிக்கட்டியில் அடுப்புச் சாம்பலைத் தேய்த்து மறுபடியும் பற்றவைத்தார், அந்தக் கட்டி விளக்கை எடுத்த பிறகும் எரிந்தது. சாம்பல் எரியவில்லை, அது சீனி எரிவதற்கு ஊக்கியாக நிற்கிறது. உடனே நாங்கள் சீனியும் பரவும் என்று பழைய வரியைத் திருத்தப் போனோம். தடுத்துவிட்டார். சாம்பல் பூசிய சீனி வேறு மாதிரி, அதற்குப் புது வரி போடுங்கள் என்றார். பொருள் ஒன்றைச் சோதிக்கிறோம் என்றால் அது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலைக்குத்தான் விடை சொல்கிறோம் என்பது எனக்கு அன்றைக்கு விளங்கியது. இன்று ஒரு நிறுவனம் மாதிரி அனுப்பும்போது, ஏற்றுமதி செய்யப்போகும் தூள் இதே பருமனா, இதே ஈரப்பதனா, எதுவும் கலந்திருக்கிறதா என்று கேட்காமல் நான் பெட்டியைத் திறப்பதில்லை.

கந்தகம் இன்னொரு விதம். ஏறக்குறைய 115 பாகையில் உருகி, மேலும் சூடாகச் செம்மண்ணிறமாகி, பிறகு மெல்லிய நீலச் சுடரோடு எரியும். அந்தச் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அறையை இருட்டாக்கலாம் என்றால் கந்தகவீரொட்சைட்டு தொண்டையை அடைக்கும், உள்ளே செய்ய முடியாது. அதனால் விறாந்தையில் வைத்து, மேலே கறுப்புக் குடையை விரித்து நிழல் பண்ணிப் பார்த்தோம். சோழகம் அடிக்கும் மாதங்களில் அதுவும் சரிவராது, காற்று சுடரைத் தள்ளி வேகத்தைக் கூட்டிவிடும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஓட்டின் பக்கத்தில் அம்புக்குறி போட்டு வரையச் சொல்வார். எங்களுக்கு அது வீண் வேலையாகப்பட்டது. சேர் அந்த அம்புக்குறிக்கும் புள்ளி போட்டார்.

ஒருநாள் விளையாட்டு அறையிலிருந்து வெடித்துப்போன மேசைப்பந்து ஒன்றை எடுத்துவந்து அதில் நகத்தளவு துண்டை வெட்டி ஓட்டில் வைத்தார். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நீளமான குச்சியால் நெருப்பு வைத்தார். பக்கென்று முடிந்துவிட்டது. அந்தக் காலத்துப் பந்துகள் செலுலோயிட்டால் ஆனவை, அதாவது செலுலோசு நைத்திரேற்றோடு கற்பூரம் சேர்த்து இளக்கிய பொருள். கோயில் தட்டில் எரியும் கற்பூரமும் விளையாட்டுப் பந்துக்குள் இருக்கும் கற்பூரமும் ஒன்றென்று தெரிந்தபோது எங்களுக்கு வந்த வியப்பை இப்போதும் என்னால் உணர முடிகிறது. 2014இல் இருந்து சர்வதேசப் போட்டிகளில் செலுலோயிட் அல்லாத பிளாஸ்டிக் பந்துகள் வந்துவிட்டன.

திண்மம் எரிகிறது என்று நாம் சொன்னாலும் அநேகமான நேரம் எரிவது திண்மம் அல்ல என்பதையும் அங்கேதான் படித்தோம். மெழுகு உருகி ஆவியாகி அந்த ஆவி எரிகிறது, கற்பூரமும் அப்படித்தான், மரத்தூள் சூட்டில் சிதைந்து வாயுவைத் தருகிறது. ஊமல் கரியும் உலோகத் தூளும் வேறு வகை, சுடர் பெரிதாக இல்லாமல் மேற்பரப்பிலேயே கனன்று எரிபவை. இரும்பாணியை எவ்வளவு நேரம் சுடரில் பிடித்தாலும் சிவக்குமே தவிர எரியாது, அதே இரும்பின் அராத் தூளைச் சுடரில் தூவினால் பொறி பறக்கும். மேற்பரப்பு கூடக்கூட ஒட்சிசனைத் தொடும் இடம் கூடுகிறது. இதைப் பாடமாக எழுதிக் கொடுக்காமல், ஆணியையும் தூளையும் கையில் கொடுத்துவிட்டு வித்தியாசத்தை எங்கள் வாயாலேயே சொல்ல வைத்தார்.

சரி, இப்போது நான் செய்யும் சோதனைக்கு வருகிறேன். ஐக்கிய நாடுகள் சபையின் பரிசோதனைக் கையேட்டில் அதற்கு என்.1 என்று பெயர், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏ.10 முறையும் ஏறக்குறைய அதேதான். முதலில் ஒரு முன்னோட்டம். 250 மில்லிமீற்றர் நீளம், 20 அகலம், 10 உயரத்தில் தூளை இடைவெளி இல்லாமல் வரம்பாகப் போட்டு, குறைந்தது 1000 பாகை செல்சியஸ் உள்ள வாயுச் சுடரை ஒரு முனையில் பிடிக்கவேண்டும். பற்றும்வரை, அல்லது ஆகக்கூடியது 2 நிமிடம். உலோகத் தூளென்றால் 5 நிமிடம். 2 நிமிடத்துக்குள் 200 மில்லிமீற்றர் தூரத்துக்கு எரிவு பரவாவிட்டால் அது தீப்பற்றும் திண்மம் அல்ல, அத்தோடு முடிந்தது. உலோகத் தூளுக்கு மட்டும் 20 நிமிடம் காத்திருக்கவேண்டும், ஏனென்றால் அது மெதுவாகக் கனன்று நகரும், அவசரப்பட்டவன் கண்ணுக்கு ஒன்றும் நடக்காததாகத் தெரியும்.

முன்னோட்டத்தில் பரவியவற்றுக்குத்தான் பிரதான சோதனை. முக்கோணக் குறுக்குவெட்டுள்ள 250 மில்லிமீற்றர் அச்சில் தூளைத் தளர்வாக நிரப்பி, 20 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து 3 தடவை தட்டி, மேலே தட்டை வைத்துக் கவிழ்த்து அச்சை எடுக்கவேண்டும். பிட்டுக் குழலைத் தட்டிக் கவிழ்க்கும் பக்குவம் கைக்கு வேண்டும், இல்லாவிட்டால் வரம்பு உடைந்துவிடும். முதல் 80 மில்லிமீற்றர் எரிவதைக் கணக்கில் எடுப்பதில்லை, தீ ஒரு சீரான ஓட்டத்துக்கு வரட்டும் என்று விடுகிறோம். அதற்கடுத்த 100 மில்லிமீற்றரைத்தான் நேரம் பார்க்கிறோம். 45 செக்கனுக்குள் கடந்தால் அது 4.1 வகுப்பு, தீப்பற்றும் திண்மம். உலோகத் தூள் முழு நீளத்தையும் 10 நிமிடத்துக்குள் கடந்தால் அதுவும் அப்படியே. இவ்வளவும் புகையை இழுத்து வெளியே தள்ளும் அலுமாரிக்குள் நடக்கும், அங்கேயும் வரம்பைக் காற்றோட்டத்துக்குக் குறுக்காக வைக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. முதல் தடவை அந்த வரியை வாசித்தபோது சேரின் அம்புக்குறியை நினைத்துக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் அவரோடு தொலைபேசியில் கதைக்கக் கிடைத்தது. என்ன வேலை என்று கேட்டார், தூள்களை எரிச்சுப் பாக்கிறன் சேர் என்றேன். கொஞ்சநேரம் முறையைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஈரம் பட்டால் நிக்குமோ எண்டும் பாக்கிறனீரோ?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, "ஓம் சேர், அதுக்கெண்டே ஒரு இடம் இருக்கு" என்றேன். உண்மையாகவே இருக்கிறது. நேரம் பார்க்கும் 100 மில்லிமீற்றரைத் தாண்டி 30 முதல் 40 மில்லிமீற்றர் தள்ளி வரம்பின்மேல் 1 மில்லிலீற்றர் நீர்க்கரைசலைச் சொட்டு சொட்டாக விடுகிறோம். வேகமாக எரியும் பொருள் அந்த ஈரத்தையும் தாண்டிப் போனால் ஆபத்துக் கூடிய தொகுதி, குறைந்தது 4 நிமிடமாவது அங்கே நின்றால் அதற்கடுத்தது. உலோகத் தூளுக்கு இந்த நனைத்தல் கிடையாது. எரியும் மகனீசியம் நீரிலிருந்து ஐதரசனை வெளிவிடும், தண்ணீர் அதை அணைக்காமல் கிளறிவிடும். தொலைபேசியில் நான் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே சேர் சொல்லிவிட்டார்.

இதை வாசிப்பவர்களுக்கு உடனடியாகப் பயன்படும் ஒன்றும் இருக்கிறது. கற்பூரம் 4.1 வகுப்புத் திண்மம், செயற்கைக் கற்பூரத்துக்கு ஐ.நா. இலக்கம் 2717. கந்தகமும் பூச்சி உருண்டையில் உள்ள நப்தலீனும் அதே வகுப்பு. சிவப்பும் வெள்ளையும் நெடுங்கோடுகளாக, மேலே சுடர், கீழே 4 என்று சாய்சதுர ஒட்டி ஒட்டிய பெட்டிகளைத் துறைமுகங்களில் கண்டிருப்பீர்கள், இந்த வகைதான். ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மா ஆசையாகக் கட்டித் தரும் கற்பூரப் பொட்டலத்தைப் பயணப்பெட்டிக்குள் வைக்காதீர்கள், விமானத்தில் பயணிகள் அதைக் கொண்டுவர அனுமதி இல்லை. கற்பூரம் சாதாரண சூட்டிலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும் பொருள், மூடிய பெட்டிக்குள் அது என்ன செய்யும் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வரம்புச் சோதனையில் தேறிய பொருளைப் பயமில்லாத பொருள் என்று தொழிற்சாலைக்காரர் எடுத்துக்கொள்வதை நான் அடிக்கடி காண்கிறேன், அது என்னை உண்மையாகவே கவலைப்படுத்துகிறது. குவியலாகக் கிடக்கும்போது பரவாத சீனி, நுண்தூசியாகக் காற்றில் எழும்பினால் வெடிக்கும். 2008 பெப்ரவரி 7ஆம் திகதி அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வேர்த் என்ற இடத்துச் சீனி ஆலையில் சேர்ந்திருந்த சீனித் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள். அந்த ஆபத்தைப் பார்ப்பதற்குத் தனிச் சோதனை, 20 லீற்றர் கோளத்துக்குள் தூசியைப் பறக்கவிட்டுப் பற்றவைப்பது. அதனால் என் அறிக்கையில் "பரவவில்லை" என்று எழுதும்போது, இது குவியலுக்கு மட்டும், தூசிக்கு அல்ல என்று ஒரு வரி சேர்க்காமல் கையெழுத்து வைப்பதில்லை. சேர் கேட்டிருந்தால் அதற்கும் புது வரி போடச் சொல்லியிருப்பார்.

எங்கள் பழைய மாணவர் சங்கக் கிளைக்குள் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு உதவி என்ற பேச்சு வரும்போதெல்லாம் கணினியும் திரையும்தான் முதலில் நிற்கின்றன. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்றைய பிள்ளைகள் எரிதலைக் காணொளியில் பார்த்துவிட்டுச் செய்முறைக் கொப்பியை நிரப்புகிறார்கள் என்று கேள்விப்படும்போது மனம் பொறுக்கவில்லை. புகையை வெளியே இழுக்கும் ஒரு கண்ணாடி அலுமாரி, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு தீப்போர்வை, மணல் வாளிகள், நிறுத்தற் கடிகாரங்கள், இவ்வளவும் இருந்தால் அந்தச் செய்முறையை நாங்கள் செய்ததைவிடப் பாதுகாப்பாகச் செய்யலாம். எந்தப் பொருள், எவ்வளவு எடை, எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று செய்முறைத் தாள்களை நான் எழுதித் தருகிறேன். சேர் அவற்றைப் பார்த்துத் திருத்துவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை எடுக்கும்படி நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.