அவர் வைத்துவிட்டுப் போன பிஸ்டல்

என்னிடம் இருப்பது .32 அளவுத் தோட்டா போடும் பிஸ்டல். அரசு ஆயுதத் தொழிற்சாலை செய்த அஷானி என்ற ரகம். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர்க் கடைத்தெருவில் எங்களுக்கு நகை அடகுக்கடை. கணவர் இருந்தவரை லைசென்ஸ் அவர் பெயரில்தான் இருந்தது. 2021-இல் அவர் தவறிய பிறகு அது என் பெயருக்கு வந்தது, நான் அதைக் கையாளக் கற்றுக்கொண்டது, தேர்தலுக்கு ஒப்படைத்துத் திரும்ப வாங்கியது எல்லாவற்றையும் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. இந்தப் பக்கத்தில் பழைய மிராசுதார் வீடுகளில் ரெட்டைக்குழல் துப்பாக்கி இன்னும் நிறைய இருக்கிறது. பெரியவர் போனதும் அதை என்ன செய்வது என்று தெரியாமல் பரணில் போட்டு வைக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம் என்றுகூடப் பலருக்குத் தெரியாது.

லைசென்ஸ்தாரர் இறந்தால் லைசென்ஸும் அவரோடு முடிந்தது. வீடு, நிலம் மாதிரி வாரிசு கைக்குத் தானாக வராது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, வைத்திருக்கும் உரிமை போனவுடன் ஆயுதத்தை வீண் தாமதம் இல்லாமல் பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் வாங்கித் திரும்பப் பெறலாம், இல்லை விற்கச் சொல்லலாம். இரண்டும் செய்யாமல் காலம் கடத்தினால் அரசாங்கத்துக்குப் போய்விடும்.

காரியம் முடிந்த கையோடு கொழுந்தனார் என்னை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். பிஸ்டல் நம்பர், இரண்டு மேகசின் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டி), மிச்சம் இருந்த தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் எழுதிய ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதைப் பத்திரமாக வைத்தது நல்லதாகப் போயிற்று. பிறகு எந்த மேஜைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்டார்கள்.

கேட்ட காகிதங்கள்: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதம், ஏ-1 விண்ணப்பம், உடலும் மனமும் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்த சான்று, வீட்டில் பூட்டி வைக்க வசதி இருக்கிறது என்ற உறுதிமொழி, வருமான வரிக் கணக்கு. இதில் டாக்டர் சான்றுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது சீக்கிரமே கிடைத்துவிட்டது. இழுத்தடித்தது மகளின் கடிதம். அவள் மஸ்கட்டில் இருக்கிறாள். தூதரகத்தில் கையெழுத்தாகி அது தபாலில் வந்து சேர்வதற்குள் சம்பா அறுப்பே முடிந்துவிட்டது.

அப்புறம் விசாரணை. எங்கள் மாதிரி ஊர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் கலெக்டருக்கு. அவர் நேராகக் கொடுத்துவிட மாட்டார். ஒரு பக்கம் வருவாய்த்துறை, ஒரு பக்கம் எஸ்.பி. ஆபீஸ் வழியாக ஸ்டேஷன், இரண்டு இடத்திலிருந்தும் அறிக்கை போக வேண்டும். ஸ்டேஷனில் இருந்து வந்தவர் கடையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கேட்டார்:

"உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்? பையன் பேர்ல எழுதிக் கொடுத்துடுங்களேன்."

"பையன் சென்னையில இருக்கான் சார். ராத்திரி கடையைப் பூட்டிட்டு சாவியும் நகையுமா வீட்டுக்கு வர்றது நான்தானே?"

அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரர்களிடமும் விசாரித்தார். தாசில்தார் கொடுத்த அடகுத்தொழில் லைசென்ஸின் நகலையும் வாங்கிக்கொண்டார். தேவை என்ன என்று காட்ட அதைவிடப் பெரிய ஆதாரம் என்னிடம் இல்லை. மனு கொடுப்பவர்கள் 'உயிர் பயம்' என்று பொதுவாக எழுதுவதைவிடத் தொழில், வழி, நேரம் என்று விவரமாக எழுதுவது நல்லது.

2023-இல் லைசென்ஸ் வந்தது. அடையாள எண் போட்டு, 2028 வரை. முன்பு 3 வருஷம்தான் கொடுப்பார்கள். 2019-இல் சட்டத்தைத் திருத்தி 5 ஆக்கினார்கள். அதே திருத்தத்தில் ஒருவர் 3 ஆயுதம் வைத்திருக்கலாம் என்பதை 2 என்று குறைத்தார்கள்.

காகிதக் கதை இதோடு போதும். பிஸ்டலுக்கு வருகிறேன்.

பயிற்சிக்குத் திருச்சியில் ஒரு ரைஃபிள் கிளப்புக்குப் போனேன். சொல்லிக் கொடுத்தவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிஸ்டலின் மேல்பாகத்தை ஸ்லைடு என்பார்கள், அதைப் பின்னால் இழுத்து விட்டால்தான் தோட்டா உள்ளே ஏறும். முதல் வகுப்பில் அது அசையவே இல்லை. எனக்கு வயது ஐம்பத்தெட்டு, வலது கட்டைவிரல் மூட்டில் தேய்மானம். சின்னத் தோட்டா போடும் சின்ன பிஸ்டல், இதற்கு இவ்வளவு விறைப்பு எதற்கு என்று எரிச்சலாக வந்தது. அவர் காரணம் சொன்னார். இந்த .32 வகையில் சுடும்போது ஸ்லைடு உடனே பின்னால் போய்விடாமல் தாங்குவது அதன் எடையும் ஸ்ப்ரிங்கும் மட்டும்தான். பூட்டு என்று ஒன்றும் கிடையாது. அதனால் ஸ்ப்ரிங்கை விறைப்பாக வைத்தே ஆக வேண்டும். பெரிய தோட்டா போடும் பிஸ்டல்களில் குழலும் ஸ்லைடும் ஒரு கணம் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சேர்ந்து நகர்ந்து பிறகு பிரியும். அங்கே ஸ்ப்ரிங் கொஞ்சம் இளகலாக இருந்தாலும் சமாளிக்கும். ஆகப் பார்வைக்குச் சாதுவாக இருப்பதுதான் விரலுக்கு முரடு.

"அம்மா, இழுக்காதீங்க. இடது கையால ஸ்லைடைக் கெட்டியாப் பிடிச்சு அப்படியே நிறுத்துங்க. வலது கையில இருக்கிற பிடியை முன்னால தள்ளுங்க" என்றார்.

நான் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதை விட்டு நான்கு விரல்களையும் ஸ்லைடின் மேலே போட்டு, உள்ளங்கையோடு அழுத்தி, முழங்கையை மடக்கிக்கொண்டு தள்ளினால் தோளின் பலமும் சேர்ந்து வருகிறது. குழல் மட்டும் எதிரே இருக்கும் மண்மேட்டை விட்டு விலகக் கூடாது, விசை மேல் விரல் போகக் கூடாது. 'டக்' என்று அது திறந்தபோது எனக்கே ஆச்சரியம். அன்று சாயங்காலம் கட்டைவிரல் வீங்கிவிட்டது என்பது வேறு விஷயம்.

மேகசினில் 8 தோட்டா. முதல் சில தோட்டாக்கள் பேசாமல் இறங்கும். கடைசி இரண்டுக்கு ஸ்ப்ரிங் எதிர்த்து நிற்கும், நகம் மடியும். நான் ஆறோடு நிறுத்திக்கொள்கிறேன். வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் குப்பி விற்கிறார்கள், மேகசின் தலையில் மாட்டி அழுத்தினால் தோட்டா தானாக இறங்கும். தங்கை மகன் வரும்போது வாங்கி வந்து கொடுத்தான்.

அவன் டெக்சாஸில் இருக்கிறான். மனைவிக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் ஷீல்டு ஈசி வாங்கிக் கொடுத்திருக்கிறான். காலையில் கடைக்குப் போனவன் மத்தியானம் கையில் கொண்டுவந்துவிட்டானாம். விரலில் பலம் குறைந்தவர்களுக்கென்றே செய்தது அது. 2018-இல் .380 தோட்டாவுக்கு வந்தது, 2020-இல் 9 மி.மீ.க்கு. நான் சொன்ன பூட்டு முறை அதில் இருப்பதால் ஸ்லைடு இளகல். மேகசினின் இரண்டு பக்கமும் சின்னப் பொத்தான் இருக்கிறது, அதைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டால் தோட்டாவை வெறுமனே உள்ளே போட்டுக்கொண்டே போகலாம். பிடியின் பின்பக்கத்தில் ஒரு சேஃப்டி, உள்ளங்கை அதை அழுத்தினால்தான் சுடும். வீடியோ காலில் அவன் மனைவி காலி பிஸ்டலை எடுத்து ஸ்லைடைத் திறந்து காட்டினாள். அத்தனை லேசு. எனக்குப் பொறாமைதான்.

ஆனால் அதிலும் குறை வராமல் இல்லை. 2020 கடைசியில், அந்த வருஷம் செய்த 9 மி.மீ. ஈசிகளில் சிலவற்றில், தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியல் பாகத்தில் விரிசல் வரலாம் என்று கம்பெனியே திரும்பக் கேட்டு மாற்றிக் கொடுத்தது. "எங்களது .380, பெரியம்மா, அந்தக் கணக்கில் வராது" என்றான்.

இங்கே அப்படி ஒன்று வாங்க முடியுமா என்றால், முடியாது. 9 மி.மீ. நம் நாட்டில் தடை செய்யப்பட்ட ரகம், கலெக்டர் லைசென்ஸில் வராது. இறக்குமதியும் பெயர்பெற்ற போட்டி வீரர்களைத் தவிர நம்மைப் போன்றவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. அதனால்தான் அந்தக் காலத்தில் வந்த வெப்ளி, பிரௌனிங் மாதிரி வெளிநாட்டுத் துப்பாக்கிகள் எல்லாம் வெளியே சொன்னால் நம்பாத விலைக்குக் கைமாறுகிறது. நமக்கு அரசுத் தொழிற்சாலைச் சரக்கு, அதுவும் இல்லையென்றால் நம் ஊர்த் தனியார் கம்பெனிச் சரக்கு.

கிளப்காரர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். காலி செய்வது. முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், அப்புறம் ஸ்லைடைத் திறந்து, சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறைக்குள் பார்க்க வேண்டும், விரலை விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். மேகசின் வெளியே வந்துவிட்டால் காலி என்று நினைப்பவர்கள் உண்டு. உள்ளே ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். வரிசையை மாற்றி முதலில் ஸ்லைடைத் திறந்து மூடினால் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிக்கொள்ளும். ஸ்லைடு விறைப்பாக இருப்பவர்கள் இந்த வேலைக்குச் சோம்பல் படுவார்கள். என் கணக்கில், இயக்கச் சுலபமான பிஸ்டல் வேண்டும் என்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். சுடுவதற்கு இல்லை, காலி பண்ணுவதற்கு.

இனி துரு. டெல்டாவில் துப்பாக்கி வைத்திருப்பவருக்குத் திருடனைவிட ஐப்பசி கார்த்திகை மழைதான் முதல் எதிரி. என் பிஸ்டலின் ஸ்லைடில் இடது பக்கம் பழைய நாலணா அகலத்துக்கு வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது. கணவர் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பெட்டிச்சாவி, தராசு, உரைகல்லோடு பிஸ்டலையும் வைத்துச் சந்தனம், குங்குமம் இடுவார். ஏதோ ஒரு வருஷம் துடைக்காமல் உள்ளே வைத்திருக்கிறார். சந்தனத்தின் ஈரம் மேல்பூச்சைத் தின்று, அடியில் இரும்பு சொரசொரவென்று ஆகிவிட்டது. எண்ணெய் போட்டுத் தேய்த்தால் சிவப்பு போகிறது, பள்ளம் போகவில்லை. இப்போது பொட்டு வைப்பது தோல் உறைக்கு மட்டும்.

தேங்காய் எண்ணெய் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். மார்கழியில் உறையும், நாள்பட்டால் பிசுக்காகி ஸ்லைடை இன்னும் கெடுக்கும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காத நாளில் தையல் மெஷின் எண்ணெயை மெல்லிசாகத் தடவுகிறேன். தோல் உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் போட்டு வைக்கவும் கூடாது, தோல் ஈரம் இழுக்கும். லாக்கரில் துணியில் சுற்றி, பக்கத்தில் மாத்திரை டப்பாக்களில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள். தோட்டா தனியாக வேறு பூட்டில்.

2024 மார்ச் 16-இல் மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஸ்டேஷனில் இருந்து போன். நன்னடத்தை விதி வந்தால் லைசென்ஸ் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்வது நம் பக்கம் வழக்கம். வங்கிக் காவலர்கள், போட்டிகளில் கலந்துகொள்ளும் துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு, அடகுக்கடைக்காரிக்குக் கிடையாது. நகையோடு நடக்கும் நாட்களில் கையில் ஆயுதம் இல்லை என்பது ஊருக்கே தெரியும்படி ஆவது எனக்குச் சம்மதம் இல்லைதான். ஆனால் சட்டம் பேசிப் பயன் இல்லை. நமக்கு ஏப்ரல் 19-இல் வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. எண்ணிக்கை ஜூன் 4. அதற்கும் பிறகுதான் கொடுத்தார்கள்.

ஒப்படைப்பதற்கு முன் நன்றாக எண்ணெய் போட்டு, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, நம்பர் தெரியும்படி போட்டோ எடுத்து, அந்தத் தழும்பைப் பற்றியும் ரசீதில் ஒரு வரி எழுதச் சொன்னேன். எழுத்தர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எழுதினார். திரும்ப வாங்கும்போது காகிதத்தை யாரோ பிரித்துப் பார்த்துவிட்டுச் சுற்றாமல் போட்டிருந்தார்கள். மேகசின் அடியில் மெல்லிய செந்தூள். ஒரு மத்தியானம் உட்கார்ந்து துடைத்ததில் போய்விட்டது. பக்கத்தூர்ப் பெரியவர் ஒருவரின் ரெட்டைக்குழல் அதைவிட மோசம், மடக்கும் இடமே பிடித்துக்கொண்டுவிட்டது.

ரிவால்வருக்கு மாறலாமா என்ற யோசனை இன்னும் இருக்கிறது. ஸ்லைடே கிடையாது, திறந்தால் ஆறு ஓட்டையும் கண்ணுக்குத் தெரியும். கான்பூரில் செய்யும் நிர்பீக் 2014-இல் வந்தபோதே பெண்களுக்கானது என்று சொல்லித்தான் விற்றார்கள். விலையைக் கேட்டு எங்கள் வீட்டில் சிரித்தார்கள். 2023-இல் வந்த 'பிரபல்' ரிவால்வரில் தோட்டா போடும் உருளை பக்கவாட்டில் திறக்கிறது, பழையவை மாதிரி நடுவில் மடக்க வேண்டாம். ஆனால் ரிவால்வரில் விசை கனம். ஸ்லைடில் மிச்சமாகும் பலத்தை ஆள்காட்டி விரல் கட்ட வேண்டும். கிளப்பில் ஒன்றைப் பிடித்துப் பார்த்ததில் குறி ஆடியது. கையில் இருக்கும் பிஸ்டல் தோட்டாவும் அதற்குச் சேராது. இரண்டும் .32 என்றாலும் ரிவால்வர் தோட்டா நீளம் அதிகம்.

2028-இல் புதுப்பிக்கும்போது மறுபடி உடல்தகுதிச் சான்று கேட்பார்கள். அதற்குள் கட்டைவிரல் இன்னும் மோசமானால் டீலருக்கு விற்க அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்துவிடுவேன். மகன் தனக்கு வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டான்.