கரி பட்டால் சடை முளைக்குமா?

புதுச்சேரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழைய கார்ட்டூன் போட்டுக்காட்டுகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. 'டாம் அண்ட் ஜெர்ரி' குழந்தைகளுக்கென்றே எடுத்ததல்ல. 1940-இல் தொடங்கியபோது அது சினிமாக் கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடிய குறும்படம். பார்த்தவர்களில் பெரியவர்களும் உண்டு. டாம் குடிப்பதும் புகைப்பதும் அதனால்தான். 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' என்ற கற்காலக் குடும்பக் கார்ட்டூன் 1960-இல் டிவியில் வந்தபோது விளம்பரம் கொடுத்ததே வின்ஸ்டன் சிகரெட். இதெல்லாம் ஐந்தாம் வகுப்புக்கு இரண்டு வரியில் புரிந்துவிடும்.

குண்டு வெடிக்கும் காட்சிதான் கஷ்டம். டாமின் முகம் கரியாகும், உதடு தடிக்கும், தலையில் குட்டிக் குட்டிச் சடைகள் நிற்கும். வகுப்பே சிரிக்கும். அடுத்த நொடி சில கண்கள் கறுப்பாக இருக்கும் ஒரு பிள்ளையின் பக்கம் திரும்பும். அங்கேயே படத்தை நிறுத்த வேண்டும். "அந்தக் காலத்தில் அப்படித்தான்" என்று தாண்டிப் போனால், மதியச் சாப்பாட்டுக்குள் அந்தப் பிள்ளைக்குக் 'கரிச்சட்டி' என்று பெயர் விழுந்துவிடும். விளக்கத்தை நாமே தொடங்கவும் கூடாது. "கரி பட்டால் முகம் கறுக்கும், சரி, சடை எப்படி முளைத்தது?" என்று கேட்டுக் காத்திருக்க வேண்டும். பதில் வராமல் முழிக்கும்போது சொல்லலாம்: 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மேடைகளில் வெள்ளைக்காரர்கள் தக்கையைச் சுட்டுக் கரியாக்கி முகத்தில் பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்தார்கள், அந்தக் கேலிதான் கார்ட்டூனுக்குள் வந்தது.

"மிஸ், அந்த அம்மாவுக்கு ஏன் மூஞ்சே இல்ல?" என்ற கேள்வியும் கட்டாயம் வரும். டாம் இருக்கும் வீட்டில் வேலை செய்யும், பெரும்பாலும் கால் மட்டுமே தெரியும் கறுப்பின அம்மாவைத்தான் கேட்கிறார்கள். 1952 வரை வந்த அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகை. 1960-களில் டிவிக்காகச் சில படங்களில் அந்தப் பாத்திரத்தை அழித்து வெள்ளைக்காரப் பெண்ணாக வரைந்தார்கள், குரலையும் மாற்றினார்கள். கேலியாக வரைந்ததைவிட இப்படி அழித்தது மோசம் என்பதே எங்கள் எண்ணம். வீட்டு வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். "எலி பார்க்கும் உயரத்துக்குக் கால்தான் தெரியும்" என்று மழுப்பக் கூடாது.

படம் ஏழெட்டு நிமிடம்தான். முதல்நாளே சத்தத்தோடு முழுதாகப் பார்த்து, நிறுத்த வேண்டிய இடத்தை நிமிடக் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படத்துக்கு ஒரு நிறுத்தம் போதும். மூன்று முறை நிறுத்தினால் பிள்ளைகள் கேட்பதை விட்டுவிடுவார்கள்.

1956-இல் வந்த 'புளூ கேட் புளூஸ்' மட்டும் வேண்டாம். காதல் தோற்று டாமும் ஜெர்ரியும் தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்க, ரயில் சத்தத்தோடு படம் முடிகிறது. வில்லியனூரில் தண்டவாளம் தாண்டிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை எந்த விளக்கம் சொல்லியும் காட்ட முடியாது.