குடத்துக்கு அரைக் கிலோ உப்பு

அறிபுனை (சயின்ஸ் ஃபிக்‌ஷன்) எழுத உட்காருகிறவர்களில் பலர் முதல் பக்கத்திலேயே தங்களுக்குத் தெரிந்த வடசென்னை ராயபுரத்தை விட்டு வேறு கிரகத்துக்கு ஓடிவிடுகிறார்கள். மிகுபுனைவு (ஃபேன்டசி) என்றால் பனிமலை, கோட்டை, டிராகன். தப்பில்லை. ஆனால் தெரியாத ஊரில் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதிலிருந்து எல்லாவற்றையும் நீங்களே உண்டாக்க வேண்டும். பழகுகிற காலத்தில் அது வீண் சுமை. தெரிந்த தெருவை அப்படியே வைத்துக்கொண்டு ஒரே ஒரு பொருளை மாற்றுங்கள்.

ஒன்றுதான். இரண்டை மாற்றினால் எந்த விளைவு எதனால் வந்தது என்று வாசகருக்குப் பிடிபடாது. பாதிக் கதையில் முடிச்சு அவிழவில்லையே என்று புதிதாக இன்னொரு அதிசயத்தை இறக்குவது இன்னும் மோசம். அங்கேதான் பெரும்பாலான கதைகள் படுத்துவிடுகின்றன.

ஒரு குடத்தை எடுத்துக்கொள்வோம். கடல் தண்ணியை ஊற்றினால் நல்ல தண்ணியாகத் தருகிற பிளாஸ்டிக் குடம். இடம் தண்டையார்பேட்டையில் ஒரு மாடிக் குடியிருப்பு. கதையைத் தொடங்குவதற்கு முன் கணக்குப் போடுங்கள். கடல் தண்ணியில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. குடம் 15 லிட்டர் என்றால் 525 கிராம், அதாவது குடத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல். நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுகிறவர்கள் வைத்திருக்கும் அளவு. நாலு பேர் வீட்டுக்கு 540 லிட்டர், 36 குடம், கிட்டத்தட்ட 19 கிலோ உப்பு. தினமும். நூறு வீடு இருக்கிற தெருவில் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட இரண்டு டன்.

இந்தக் கணக்கே என்ன கதை என்பதைச் சொல்லிவிடும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மூன்று குடம் என்றால் ஒன்றரைக் கிலோ உப்பு; அது அடுப்படிச் சிரிப்புக் கதை. குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் என்றால் தெருச் சண்டை.

அடுத்து விளைவுகளைப் பத்துப் பன்னிரண்டு வரி எழுதிப் பாருங்கள். தண்ணி லாரிக்காரருக்கு வேலை போகும், குடம் திருடு போகும், பணக்காரர் ஒருவர் பதுக்குவார். இவை யாருக்கும் தோன்றும், அடித்துவிடலாம். ஆறாவது ஏழாவது வரியில்தான் சரக்கு வரும். காசிமேட்டில் கருவாடு போடுகிறவர்களுக்கு உப்பு இலவசம், முதல் மாதம் கொண்டாட்டம். பிறகு ஆளாளுக்குக் கருவாடு போட, விலை இறங்கும். சாக்கடையில் உப்பைக் கொட்டினால் இரும்பு மூடி அரிக்கும். மாடியில் மூட்டை கட்டி வைத்தால் ஈரம் பட்டுக் கசிந்து கான்கிரீட்டுக்குள் இறங்கும். உப்பிலிருக்கும் குளோரைடு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துருவேறிய கம்பி பருத்து, கீழ்வீட்டுக் கூரையின் காரையைப் பெயர்த்துத் தள்ளும். இதோ, மேல்வீடு, கீழ்வீடு, இருவர் பக்கமும் நியாயம். வில்லனே தேவைப்படவில்லை.

அறிபுனைக்கும் மிகுபுனைவுக்கும் வழி பிரிவது அதிசயத்துக்குக் கொடுக்கிற விலையில். அறிபுனை என்றால் மின்சாரக் கணக்கும் வேண்டும். கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலைகளில் ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய 3 முதல் 4 யூனிட் செலவாகிறது. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010இல் அப்படி ஓர் ஆலையைத் திறந்தார்கள், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன். இப்படிப்பட்ட ஆலைகளில் மிச்சமாகிற கூடுதல் உப்புத்தண்ணி கடலுக்கே திரும்புகிறது. உங்கள் குடம் அந்த ஆலையை விட எதில் வேறு, சக்தி எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு வரியாவது பதில் இருக்க வேண்டும்.

மாயக்குடம் என்றால் யூனிட் கணக்கு வேண்டாம், ஆனால் விலை உண்டு. மந்திரம் போட்டால் மூக்கில் ரத்தம், மயக்கம் என்று எழுதுவது சலித்துப்போன வழி. மறுநாள் காலை எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. குடத்தில் தண்ணி பிடிக்கிறவரின் நாக்கிலிருந்து உப்புச்சுவை நிரந்தரமாகப் போய்விடும் என்று வையுங்கள். அவர் இட்லிக் கடை போட்டுப் பிழைக்கிறவர் என்றும் வையுங்கள். இப்போது ஒவ்வொரு குடத்துக்கும் யோசிப்பார். இந்த விதியைக் கதையின் முதல் மூன்றிலொரு பங்குக்குள் காட்டிவிட வேண்டும். கடைசிப் பக்கத்தில் விதியைச் சொல்லி அதே மூச்சில் ஆளைக் காப்பாற்றினால் வாசகர் ஏமாந்ததாகத்தான் நினைப்பார்.

பெயர் வைப்பதில் அடக்கம் வேண்டும். சிறுகதைக்குப் புதுச்சொல் மூன்றுக்கு மேல் தாங்காது. அரசாணையில் 'கடல்நீர் நன்னீராக்கும் கலன்' என்று இருக்கலாம். தெருவில் அது 'உப்புக்குடம்'தான், ஒரு வருஷம் போனால் வெறும் 'குடம்'.

விளக்கம்தான் எல்லோரையும் கவிழ்க்கும் இடம். "உனக்குத்தான் தெரியுமே, ஐந்து வருடங்களுக்கு முன் அரசு இந்தக் குடங்களை வழங்கியபோது..." என்று இருவருக்கும் தெரிந்ததை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்கிறார். நிஜத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆளுக்கு ஒரு தேவையைக் கொடுத்துப் பேசவிடுங்கள்:

"யக்கா, உங்க மூட்ட எப்போ எறங்கும்?"

"வண்டி வந்தாதானே? நேத்தும் வரல."

"எங்க வூட்டு மேல காரை உயுந்துகினே கீது. புள்ள தூங்குற எடம்கா."

உப்பு வண்டி என்று ஒன்று உண்டு, அது சரியாக வருவதில்லை, மூட்டை தேங்குகிறது, கூரை போகிறது. நாலு தகவல், விளக்கம் ஒரு வரிகூட இல்லை. வட்டார வழக்கையும் இந்த அளவோடு பேச்சுக்குள் நிறுத்துங்கள். கதை சொல்கிற குரலிலும் 'கீது' போட்டுக்கொண்டே போனால் மூன்றாம் பக்கத்தில் சினிமா வடசென்னை ஆகிவிடும்.

முதல் முயற்சிக்கு 2,000 சொல் போதும். எழுதி ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு சத்தமாகப் படித்து, குடம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் பத்திகளில் பாதியை வெட்டுங்கள். அறிபுனையே படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்றுதான் வரும். எந்த வரியில் போனை எடுத்துப் பார்த்தார் என்று கேளுங்கள். அந்த வரிக்கு இரண்டு பத்தி மேலே போய்ப் பாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்கும்.